மூன்று பேருக்கு ஒரு ஃபைல்

அத்தியாயம் 11

பதினோரு மாதம் எதிர்பார்த்துக் காத்திருந்த கடிதம் சென்ற வாரம்தான் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை, காலை பத்தரை மணி, கவுண்டர் ஏழு, அசல் ஆவணங்களுடன் நேரில் வரவும். நாலே வரி. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு நம் ஃபைல்காரி அடுப்பில் வைத்த பாலை மறந்ததும், பால் பொங்கி அடுப்பு அணைந்ததும் நமக்குத் தெரியும்.

கவலைப்பட வேண்டிய கடிதம்தான். நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தை அன்றைக்கு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டால், முடிவு தெரியும்வரை யாரும் குடிவந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. வாங்காமல் திருப்பி அனுப்பினால், கையில் இருக்கும் தற்காலிக அனுமதி இந்த மாதக் கடைசியோடு சரி. அடுத்த தேதிக்கு மறுபடி எட்டு மாதமோ பத்து மாதமோ. அதுவரை ஃபைல்காரிக்கு வேலை கிடையாது. அவளுடைய வேலையை நம்பித்தான் கணவன், மகள் இரண்டு பேருடைய அனுமதியும் இருந்தது.

ஃபைல்காரி என்பது அவள் கணவன் வைத்த பெயர். பல்செட் செய்கிற லேபில் அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு. மேல் வரிசையா, கீழ் வரிசையா, எந்த நிறம் என்று எல்லாம் எழுதி ஒட்டியாக வேண்டும். ஏழு வருடத்தில் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. விண்ணப்ப ஃபைலில் இருபத்தேழு தாள்கள், இருபத்தேழு வண்ண ஒட்டுகள், அட்டையின் உள்பக்கம் ஒரு பட்டியல், பட்டியலில் இருபத்தேழு டிக். இத்தனைக்கும் பிறகும் எதையோ விட்டுவிட்டோம் என்கிற பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை. மகள் பள்ளிக்குப் போயாகிவிட்டது. கணவன் குளியலறையை விட்டு வெளியே வருகிற வழியாக இல்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கைரேகைதான எடுப்பாங்க. நகத்தையா எடுக்கப்போறாங்க?" என்றாள் கதவருகில் நின்று.

"நீதான சொன்ன, கை சுத்தமா இல்லன்னா மிஷின் ஒத்துக்காதுன்னு."

"அது நேத்து சாயங்காலம் சொன்னது. இப்ப மணி எட்டரை."

"பதினேழு வருஷத்துக் கிரீஸும்மா. அதுக்கு யாரோ நிரந்தர அனுமதி கொடுத்துட்டாங்க போல. போவேனாங்குது."

அவள் சிரித்துவிட்டாள். அவனிடம் அந்த வித்தை உண்டு. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் பாதிச் சண்டை நடக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

கூடத்தில் மாமனார் ஏழு மணிக்கே தயாராகி, முழுக்கைச் சட்டைக்குக் கழுத்துவரை பித்தான் போட்டு, தோளில் பையோடு உட்கார்ந்திருந்தார். மாமியார் போன பிறகு தனியாக இருந்தவர், மகனையும் மருமகளையும் பேத்தியையும் பார்க்க நாலு மாதத்துக்கு முன்னால் வந்தார். விசிட்டர் அனுமதி இன்னும் ஐந்து வாரம்தான். அதற்குப் பிறகு பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்ன வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"மாமா, நீங்க வந்துதான் ஆகணும்னு இல்ல. அங்க உட்காரக்கூட இடம் கிடைக்காது."

"நிக்கிறேன். முப்பது வருஷம் ஓடற பஸ்ல நின்னு டிக்கெட் கிழிச்சவன் நான். ஓடாத கட்டடத்துல நிக்க மாட்டேனா?"

அதற்கு மேல் அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

இந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஃபைலில் பதினான்காவது தாள் அவர்களுடைய கல்யாணப் பதிவுச் சான்றிதழ். நாலாக மடித்து மடித்து, மடிப்பு நைந்து, இன்னொரு தடவை மடித்தால் இரண்டாகப் பிரிந்துவிடும் போலிருந்தது. செவ்வாய் மாலை, யாரிடமும் சொல்லாமல், மாமனார் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அழகாக லேமினேட் செய்து கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தார். கையோடு கையாக, தான் சுவரில் ஒட்டி வைத்திருந்த பஸ் டைம்டேபிள், தன் மாத்திரைப் பட்டியல் இரண்டுக்கும் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டார்.

"கையில புழங்கற காகிதம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்மா. வேர்வை, மழை, மடிப்பு. இனிமே இதத் தண்ணியில முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது."

ஃபைல்காரி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன் கல்யாணக் காகிதத்துக்கு இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்ள இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தாள். விண்ணப்பக் குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தில், 'அசல் ஆவணங்கள் வழங்கப்பட்ட நிலையிலேயே இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அவள் அதைப் படித்திருக்கிறாள். டிக்கும் போட்டிருக்கிறாள். அந்த வரிக்கும் அவள் கையில் பளபளத்த தாளுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து அத்தனையையும் லேமினேட் போட்டு வைக்கிற வீட்டிலிருந்து வந்தவள். பிளாஸ்டிக் போடுவது என்றால் அவளுக்கு அது காகிதத்துக்குச் செய்கிற மரியாதை.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

கவுண்டர் ஏழில் இருந்தவர் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெரியவர். அதிகம் பேசாதவர். தாளை எடுப்பார், கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார், பார்ப்பார், இறக்குவார், முத்திரை குத்துவார். முதல் பதிமூன்று தாளும் மளமளவென்று போயின. ஃபைல்காரி மூச்சைக் கொஞ்சம் தாராளமாக விட ஆரம்பித்தாள்.

பதினான்காவது தாளை எடுத்தவர் கண்ணாடியை ஏற்றினார். இறக்கவில்லை. கட்டைவிரலால் தாளின் கீழ் மூலையைத் தடவினார். திருப்பிப் பின்பக்கம் தடவினார்.

"இது என்ன?" என்றார், அந்த ஊர் மொழியில்.

"கல்யாணச் சான்றிதழ்."

"அது தெரிகிறது. மேலே இருப்பது?"

"பிளாஸ்டிக். பழைய காகிதம், கிழிந்துவிடக் கூடாது என்று..."

"இங்கே ஒரு புடைப்பு முத்திரை இருக்க வேண்டும். அதை நான் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் எது இருந்தாலும் எனக்கு அது நகல்தான். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. என்னால் ஏற்க முடியாது, அவ்வளவுதான்."

அவள் காதில் இரைந்தது. "இது இல்லாமல்?"

அவர் ஃபைலை ஒருமுறை புரட்டினார். "உங்கள் வேலையை வைத்து நீங்கள் விண்ணப்பிக்கிறீர்கள். மகள் உங்கள் மகள், பிறப்புச் சான்று சரியாக இருக்கிறது. இவர் உங்கள் கணவர் என்பதால்தான் உள்ளே வருகிறார். அதற்குச் சாட்சி இந்த ஒரு தாள். வேண்டுமானால் உங்களுடையதையும் மகளுடையதையும் இன்றே வாங்கிக்கொள்கிறேன். இவருடையதை எடுத்துவிடலாம்."

ஒரு நொடிதான். மெக்கானிக் குனிந்து அவள் காதருகில் சொன்னான்: "அப்ப உன்னுதும் குட்டியோடதும் கொடுத்துடு. என்னுத அப்புறம் பாத்துக்கலாம்."

"என்ன பேசறீங்க? இந்த மாசம் முப்பதாந்தேதிக்கு மேல உங்களுக்கு அனுமதி எங்க இருக்கு?"

"ஏதாவது வழி இருக்கும்."

"மூணு பேரும் ஒண்ணாத்தான்," என்று அவனிடம் சொல்லிவிட்டு, கவுண்டர்காரரிடம் அதையே அந்த ஊர் மொழியில் சொன்னாள். "எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. "ஒரு மணிக்குக் கவுண்டர் மூடும். பன்னிரண்டே முக்கால்வரை உங்கள் டோக்கனை நிறுத்தி வைக்கிறேன். யாராவது ஒருவர் இந்தக் கூடத்தைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் டோக்கன் போய்விடும்."

பின்வரிசையில் நின்றிருந்த மாமனாருக்கு மொழி புரியவில்லை. ஆனால் தாளைத் தடவிய விரல் புரிந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மாடி, நான் கெடுத்துட்டனா?"

அவள் தாளின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். இரண்டு பிளாஸ்டிக்கும் ஒட்டியிருந்த விளிம்பு. நடுவில் பசை. சூடு பட்டால் இளகுகிற பசை. சூட்டில் இளகுகிற சாமானோடுதான் அவள் ஏழு வருடமாக மாரடித்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, உங்க பையில அந்த பஸ் டைம்டேபிள் இருக்கா?"

"இருக்கு. மாத்திரை லிஸ்ட்டும் இருக்கு."

"எல்லாம் ஒரே கடைல, ஒரே நாள்ல போட்டதுதான?"

"ஒரே மிஷின்ல."

"அப்ப வாங்க. என்னங்க, நீங்க இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்காதீங்க. தண்ணி குடிக்கக்கூடப் போகாதீங்க."

லேப் அங்கிருந்து இரண்டு நிறுத்தம். பஸ் வரவில்லை. மாமனார் டைம்டேபிளைப் பையிலிருந்து எடுத்து, "பதினொண்ணு இருபத்திரண்டுக்குத்தான்," என்றார். இருவரும் நடந்தே போனார்கள். நடை என்று பெயர்தான், பாதி ஓட்டம்.

லேபில் முதலாளியம்மா அவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். லீவு போட்டவள் மாமனாரோடு வந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஃபைல்காரி இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். முதலாளியம்மா சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது கிழிந்தால் உனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் மேஜை மூன்று. அங்கே வெளிச்சம் நன்றாக விழும்." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மேஜை மூன்றில் இருந்த தட்டுகளைத் தானே எடுத்து வேறு பக்கம் வைத்தாள்.

சுற்றிலும் பிளாஸ்டர் அச்சுகள், இளஞ்சிவப்பு ஈறுகள், அலமாரி முழுக்கப் பல்வரிசைகள். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். "இத்தன பேரு சிரிக்கறாங்க. என்னப் பாத்துதான்."

"உங்களப் பாத்து இல்ல மாமா. ஒன்பதாம் பக்கத்துக்கு டிக் போட்ட என்னப் பாத்து."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மேஜை விளக்கின் கழுத்தைப் பிடித்து அவள் கைக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

முதலில் டைம்டேபிள். ஸ்பிரிட் விளக்கில் மெழுகுக் கத்தியைக் காட்டி, துணியில் துடைத்து, மூலையில் நுழைத்தாள். பிளாஸ்டிக் பிரிந்தது, பிரிந்ததோடு காகிதத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டது. காலை ஆறு மணிப் பஸ்ஸிலிருந்து ஒன்பது மணிப் பஸ்வரை பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

மாமனார் எச்சில் விழுங்கினார். "காலைல பஸ் எல்லாம் போச்சு."

அவளும் பயந்துதான் போனாள். ஆனால் கை பழகிய கை. எங்கே தப்பு என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கத்தியில் இருந்த சூடு பசைக்குப் போதவில்லை. அது ஒன்று. இன்னொன்று, பிளாஸ்டிக்கை மேலே தூக்கி இழுத்திருக்கக் கூடாது. தன் முதுகின் மேலேயே படுக்கிற மாதிரி மடித்து, தாளோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சிலிருந்து மெழுகுத் தகட்டை அப்படித்தான் உரிப்பார்கள்.

மெழுகைப் பதமாக்குகிற சூட்டுத் தட்டை மூட்டி, மாத்திரைப் பட்டியலை அதன்மேல் கிடத்தினாள். நாற்பது எண்ணினாள். விளிம்பை வெட்டி, முனை மழுங்கிய கத்தியை விட்டு, மடித்து, இழுத்தாள். பிளாஸ்டிக் வந்தது. காகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எழுத்தெல்லாம் இருக்காம்மா?"

"இருக்கு மாமா. ராத்திரி மாத்திரை மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கு."

"அது கசப்பு மாத்திரை. போனா போவட்டும்."

மணி பன்னிரண்டு ஐந்து. இப்போது சான்றிதழ்.

முழுவதையும் உரிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. நடு மடிப்பில் காகிதத்துக்கு உயிரே இல்லை. அங்கே பிளாஸ்டிக்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. முத்திரை இருப்பது கீழ் மூலையில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அந்த மூலையை மட்டும் இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் போதும். கவுண்டர்காரர் அதற்கு ஒத்துக்கொள்வாரா என்பது அவளுக்குத் தெரியாது. முழுசாக உரித்துக் கிழித்துக்கொண்டு போனால் நிச்சயம் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது தெரியும். ஒரு நிமிடம் யோசித்தாள். மூலையை மட்டும் தட்டின்மேல் வைத்தாள்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது மாமனார் மெல்லக் கேட்டார்: "அம்மாடி, அவன் உங்கிட்ட ஊருக்குத் திரும்பறதப் பத்தி ஏதாவது பேசறானா?"

"இல்லையே மாமா. ஏன்?"

"சும்மா. நீ எண்ணு."

எண்ணிக்கை தப்பிவிட்டது. இருபத்தைந்து என்று ஒரு கணக்காக வைத்துக்கொண்டு மேலே எண்ணினாள்.

முன்பக்கம் வந்தது. அரை அங்குலம், ஓர் அங்குலம், பதிவாளர் கையெழுத்தின் வால், பிறகு முத்திரையின் வட்டம். வட்டத்தின் மேல் பிளாஸ்டிக் விலகும்போது இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பின்பக்கம் இன்னும் சுலபமாக வந்தது. கழன்ற பிளாஸ்டிக்கைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். இப்போது அந்தச் சான்றிதழ், சட்டைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிய மாதிரி இருந்தது.

விரலால் தடவினாள். லேமினேட் மிஷினின் சூட்டு உருளையில் நசுங்கி முத்திரை பாதி அமுங்கியிருந்தது. மீதிப் பாதி விரலுக்குத் தட்டுப்பட்டது.

"இருக்கா?"

"பாதி இருக்கு மாமா."

"பாதி போதுமா?"

"போதும்னு நினைச்சுக்குவோம். வாங்க."

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோது, மெக்கானிக் அவள் சொன்ன நாற்காலியிலேயே முட்டியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். நாற்காலியை விட்டு எழக் கூடாது என்ற ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தான். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பார்வையாளர்கள் வெளியே போகும் நேரமாகிவிட்டதால் மாமனாரை வாசல் படிக்கட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

கவுண்டர்காரர் திறந்த மூலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேஜை விளக்கை இறக்கி, தாளைச் சாய்த்துப் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் வட்டம் நிழல் கட்டித் தெரிந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று.

"யார் பிரித்தது?"

"நான்தான்."

"உங்களுக்கு என்ன வேலை? இங்கே எழுதியிருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லுங்கள்."

"பல்செட் செய்கிறேன்."

அவர் வாயை மூடியபடி நாக்கால் தன் பல்வரிசையை ஒருமுறை துழாவினார். கன்னம் புடைத்து அடங்கியது. முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் ஃபைல்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து, பதினாறு, பதினேழு என்று தாள்கள் மறுபடி மளமளவென்று நகர்ந்தன. அவள் பக்கத்தில் கணவன் நின்றிருந்தான். முத்திரை குத்தினால் கையைப் பிடித்து அழுத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் கையிரண்டையும் பின்னால் கட்டியிருந்தான்.

இருபத்து மூன்றாவது தாளில் கவுண்டர்காரர் நின்றார். தாளைத் திருப்பி அவர்கள் பக்கமாக நகர்த்தினார்.

"இதில் கையெழுத்து இல்லை."

கணவனின் உறுதிமொழி. இந்த நாட்டையே இனி என் நிரந்தர இருப்பிடமாகக் கொள்வேன் என்று உறுதியளிக்கிறேன். கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் வெறுமை.

ஃபைல்காரிக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. எப்படி விட்டேன்? பிறகு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, இவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "உங்க உறுதிமொழில கையெழுத்துப் போட்டாச்சா?" அவன் கூடத்திலிருந்து, "ஆச்சு, ஆச்சு," என்றான். இருபத்தேழு டிக்கில் கண்ணால் பார்க்காமல் போட்டது அது ஒன்றுதான்.

"மறந்துட்டீங்களா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். மறக்கவில்லை என்ற ஆட்டல்.

கவுண்டர்காரர் பேனாவை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். கோட்டின்மேல் வைக்கப் போனான். பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. காலையில் அத்தனை தேய்த்தும் நகக்கண்ணில் மெல்லிய கறுப்புக் கோடு இன்னும் மிச்சம் இருந்தது.

"பொய்யின்னு இல்ல," என்றான், தாளைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் இங்கதான் இருக்கணும்னு ஆச. உன் வேல, குட்டியோட படிப்பு, எல்லாம் தெரியும். ஆனா அப்பாவ இன்னும் அஞ்சு வாரத்துல அந்த வீட்டுல கொண்டுபோய்த் தனியா விட்டுட்டு, இனிமே எனக்கு ஊரு இதுதான்னு எழுதிக் கொடுன்னா... நாலு நாளா பேனாவ எடுக்கறேன். கை வர மாட்டேங்குது."

மணி பன்னிரண்டு ஐம்பத்து நாலு.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த மனுஷனை உள்ளே சேர்ப்பதற்காகத்தானே இத்தனை ஓட்டம், இத்தனை சூடு, இத்தனை எண்ணிக்கை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாம். ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில், 'என்னுத அப்புறம் பாத்துக்கலாம்' என்பதற்குப் பதிலாகச் சொல்லியிருக்கலாம். இப்போது அவள் 'போடுங்க' என்றால் போட்டுவிடுவான். அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லி அவன் மறுத்தது மிகக் குறைவு.

அவன் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினாள். கவுண்டர்காரரிடம் திரும்பினாள்.

"இந்த ஒரு தாளைப் பிறகு கொண்டுவந்து கொடுக்க முடியுமா?"

அவர் கண்ணாடியை இறக்கினார். "காணாத முத்திரைக்கு நேரம் கொடுக்க முடியாது. கையெழுத்துக்குக் கொடுக்கலாம். பத்து வேலை நாள். அதற்குள் வராவிட்டால் இந்த ஃபைல் இரண்டு பேரோடு மேலே போகும். ரசீதிலும் இப்போது இரண்டு பேர்தான் இருக்கும்."

"சரி," என்றாள்.

அவர் ஒரு முறைக்கு இரு முறை அவளைப் பார்த்துவிட்டு ரசீதை அச்சிட்டார். இரண்டு பேர். அவளும் மகளும்.

நடைவழியில் அவன்தான் முதலில் பேசினான். "ஏன் வேணாம்னுட்ட? சொல்லியிருந்தா போட்டிருப்பேனே."

"அதான் சொல்லல."

"கோவமா?"

"கோவம்தான். வீட்டுக்குப் போய்ப் படறேன், இப்ப நேரமில்ல." இரண்டடி நடந்தாள். "எங்க லேபுக்கு அச்சு வரும். ஆள அவசரப்படுத்திக் கடிக்க வச்சு எடுத்த அச்சு. அத வச்சு எவ்வளவு நல்லா பல்லு கட்டினாலும் வாயில உக்காராது. நான் தினம் பாக்கறேன். எனக்கு அப்படி ஒரு கையெழுத்து வேணாம்."

அவன் நின்றான். மறுபடியும் பின்னால் கட்டியிருந்த கைகள் இப்போது முன்னால் வந்தன. அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். மெழுகுக் கத்தி சுட்ட இடத்தில் அவன் கை படவும் அவள் ஸ்ஸென்றாள். அவன் பிடியைத் தளர்த்தினான், விடவில்லை.

"பத்து நாள் இருக்கு," என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லாத. தன்னாலதான்னு நினைச்சுக்குவார்."

"நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

வாசல் படிக்கட்டில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். நின்று பழக்கப்பட்டவர், ஆனாலும் சுவரைப் பிடித்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கி வந்தார்.

"முத்திர ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க மாமா. சாய்ச்சு வச்சுப் பாத்துட்டு ஒத்துக்கிட்டார்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். முகத்தில் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. "அப்ப மூணு பேருதும் வாங்கிட்டாங்க."

"வாங்கிட்டாங்கப்பா," என்றான் மெக்கானிக்.

"இல்ல மாமா," என்றாள் ஃபைல்காரி.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. மாமனார் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். மருமகள் தலை குனியவில்லை. மகன் குனிந்திருந்தான். யாருடையது நின்றுபோனது, எதனால் நின்றது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார் என்பது அவர் தோள் இறங்கியதில் தெரிந்தது.

தோளிலிருந்த பையைக் கழற்றிப் படியில் வைத்தார். தானும் உட்கார்ந்தார். பக்கத்துப் படியைக் கையால் தட்டினார்.

"உக்காருடா."

"அப்பா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டப் பத்தித்தான் பேசணும், உக்காரு." மகன் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு அவனைப் பார்க்காமல், எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ என்னக் கொண்டுபோய்த் தனியா விடணுமேன்னு தவிக்கிற அந்த வீட்டுல, நாலு மாசமா வேற யாரோ குடியிருக்காங்கடா."